கோரிக்கை மனுவிலிருந்து அரசாணை வரை: சிறுதொழில் சங்கங்களுக்கான முழு வழிகாட்டி

தமிழ்நாட்டில் இயங்கும் சிறுதொழில், வணிகர் சங்கங்களின் நிர்வாகிகளுக்காக எழுதியது இது. ஒரு வரியோ, கட்டணமோ, விதியோ உங்கள் தொழிலை நெருக்குகிறது. அதை மாற்றக் கேட்க வேண்டும். எங்கே தொடங்குவது, எதற்குப் பிறகு எதைச் செய்வது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம். சங்கச் செயலாளராக இருந்தபோது நான் இடறிய இடங்களிலேயே எனக்குப் பின் வந்தவர்களும் இடறினார்கள். எழுதி வைத்தால் அடுத்தவருக்காவது உதவும் என்று தோன்றியது.

சங்கங்கள் கொடுக்கும் மனுக்களில் பெரும்பாலானவற்றை யாரும் மறுப்பதில்லை. மாற்றும் அதிகாரம் இல்லாதவர் மேசைக்குப் போய், அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. கீழே சொல்லும் வரிசை முழுக்க அதைத் தவிர்ப்பதற்காகத்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சங்கப் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கம் ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். பல சங்கங்கள் நான்கைந்து ஆண்டுகளாக அதை விட்டிருக்கும். "நீங்கள் யார் சார்பில் பேசுகிறீர்கள்?" என்று ஒரு அதிகாரி கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சு நின்றுவிடும்.

இந்தக் கோரிக்கையை எடுத்துச் செல்கிறோம் என்று செயற்குழு தீர்மானம் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாதி வழியில் "எங்களைக் கேட்காமல் போய்விட்டார்கள்" என்று உள்ளேயிருந்தே குரல் வரும். அன்றைக்கு அந்தக் கையெழுத்துப் பக்கம் உதவும்.

வார நாட்களில் பட்டறையை விட்டு வரக்கூடிய ஒரு ஆள் வேண்டும், தலைவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அப்புறம், ஓராண்டு பொறுமை. இரண்டு ஆண்டுகள் என்றால் இன்னும் நல்லது.

1. குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நாங்கள் முதன்முதலில் எடுத்துப் போன மனுவில் 14 கோரிக்கைகள் இருந்தன. மின் கட்டணம், சாலை, வங்கிக் கடன், குடிநீர், பயிற்சி மையம் எல்லாம். எந்த உறுப்பினரையும் விட்டுவிடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஒரு அதிகாரி அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, பென்சிலைக் கையில் எடுத்து, "இதில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் எது?" என்றார். நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். நான்கு பதில் சொன்னோம். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

14 கோரிக்கைகள் என்றால் ஏழெட்டுத் துறைகள். மனு எந்தத் துறைக்கும் முழுதாகச் சொந்தமில்லை. ஒரு துறை தன் பங்குக்குப் பதில் எழுதிவிட்டுக் கோப்பை முடித்துவிடும்.

ஒரு மனு, ஒரு துறை, ஒரு கோரிக்கை. வாக்கியம் இப்படி அமைய வேண்டும்: "இன்ன விதியின் இன்ன வரியால், இன்ன வகைத் தொழிலுக்கு, இன்ன செலவு கூடுகிறது, அந்த வரியை இப்படி மாற்ற வேண்டும்." இந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் வேலை இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம். "சிறுதொழிலைக் காக்க வேண்டும்" என்பது கோஷம். அதன் மேல் யாரும் குறிப்பு எழுத முடியாது.

2. எந்தப் பேனா என்று கண்டுபிடியுங்கள்

வழிகாட்டியில் அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான். மாற்றிக் கையெழுத்திடும் அதிகாரம் யாருடைய பேனாவுக்கு என்பது, உங்களைத் தடுப்பது எந்த வகைக் காகிதம் என்பதைப் பொறுத்தது.

சட்டம் என்றால் சட்டமன்றமோ நாடாளுமன்றமோதான் மாற்ற முடியும். விதி என்றால் அந்தத் துறை அரசிதழில் வெளியிட்டு மாற்றும். அரசாணை என்றால் தலைமைச் செயலகத்தில் துறைச் செயலாளர் கையெழுத்தில், "ஆளுநரின் ஆணைப்படி" என்ற வரியோடு வரும். சுற்றறிக்கை துறைத் தலைவர் அளவிலேயே முடிந்துவிடும். கடைசியாக ஒன்று இருக்கிறது: எந்தக் காகிதமும் இல்லாமல், அந்த அலுவலகத்தில் வழக்கமாகக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

புதியவர்கள் நேராகச் சட்டத்திருத்தம் கேட்பார்கள், ஒரு சுற்றறிக்கையே போதும் என்ற நிலையில். எங்கள் உறுப்பினர் ஒருவரிடம் உரிமம் புதுப்பிக்க ஒரு கூடுதல் சான்றிதழ் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "இது எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டோம். அதற்குப் பிறகு அந்தச் சான்றிதழைக் கேட்கவில்லை. மனுவே தேவைப்படவில்லை.

அடிக்கடி குழம்பும் மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி விகிதம். மாநில அமைச்சரிடம் "ஜிஎஸ்டியைக் குறையுங்கள்" என்று மனு கொடுத்துவிட்டு வருவோர் ஏராளம். அரசமைப்பின் 279ஏ பிரிவுப்படி அமைந்த ஜிஎஸ்டி மன்றம் பரிந்துரைக்க வேண்டும். வாக்கெடுப்பு வந்தால் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். யாரும் தனியாகச் செய்ய முடியாது. மன்றத்துக்கு வரும் முன் மத்திய, மாநில வருவாய் அதிகாரிகள் கொண்ட ஃபிட்மென்ட் குழு விகிதக் கோரிக்கைகளைப் பார்க்கும். ஆகவே ஒரே மனு இரண்டு வழியாகப் போக வேண்டும்: மாநில வணிகவரித் துறை ஒன்று, மத்திய நிதியமைச்சகத்தின் வரி ஆய்வுப் பிரிவு இன்னொன்று. அமைச்சரைப் பார்ப்பது தவறில்லை. ஆனால் அவரிடம் கேட்க வேண்டியது, "மன்றத்தில் நம் மாநிலம் இதை எழுப்ப வேண்டும்" என்பதை.

மின் கட்டணம். கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி, அந்தக் கட்டணத்தில் அரசு ஒரு பிரிவினருக்குச் சலுகை தர நினைத்தால், அந்தத் தொகையை அரசே மானியமாக ஈடுகட்ட வேண்டும். இங்கே இரண்டு பேனாக்கள். 2022 செப்டம்பர் கட்டண உயர்வோடு தாழ்வழுத்த மின் இணைப்புத் தொழில்களுக்கும், மின் தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கான கூடுதல் கட்டணம் 25 சதவீதம் வந்தது. சங்கங்கள் போராடிய பிறகு அதை 15 ஆகக் குறைக்க அரசு முன்வந்தது. கட்டண அமைப்பே தவறு என்றால் ஆணையத்திடம் போங்கள். அமைப்பு இருக்கட்டும், சுமையைக் குறையுங்கள் என்றால் அரசிடம் போங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

மாசு வகைப்பாடு. தொழில்களை மாசு அளவைக் கொண்டு சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை போன்ற பிரிவுகளாகப் பிரிக்க அடிப்படை வகுப்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். உங்கள் ஊர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரால் ஒரு தொழிலை ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாற்ற முடியாது. அவரிடம் எத்தனை முறை போனாலும் தேநீர்தான் கிடைக்கும்.

3. கணக்கை உறுப்பினர்களிடமிருந்து எடுங்கள்

"எவ்வளவு பாதிப்பு?" என்று உறுப்பினர்களைக் கேட்டால் "பெரிய அடி சார்" என்பார்கள். அது கணக்காகாது. மின் கட்டணப் பிரச்சினை என்றால் 12 மாத பில்லின் நகல் வாங்குங்கள். வரி என்றால் விற்பனை, கொள்முதல் விலைப்பட்டியல்கள். தாமதம் என்றால் விண்ணப்பித்த நாளும் கிடைத்த நாளும்.

அறுபது பேரிடம் கேட்டால் இருபது பேர் தருவார்கள். அதுவே போதும். தராதவர்களில் பலருக்கு, இந்தக் காகிதம் வேறு துறைக்குப் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். அதனால் பெயரை மறைத்துவிடுங்கள். நாங்கள் ஒவ்வொரு நகலிலும் நிறுவனப் பெயரின் மேல் காகிதத்தை ஒட்டி மறுபடி நகல் எடுத்தோம். மூலையில் அ1, அ2 என்று எண். சம்பந்தப்பட்ட ஒரே வரியின் மேல் மட்டும் மஞ்சள் மார்க்கர். பார்ப்பவர் கண் நேராக அங்கே போகும். நாற்பது பக்க அறிக்கையைவிட அந்த ஒரு மஞ்சள் வரி அதிக வேலை செய்தது.

இதில் ஒரு எச்சரிக்கை. கணக்குச் சேர்க்கக் கூடும் கூட்டத்திலேயே "நாம் எல்லோரும் சேர்ந்து வாடிக்கையாளரிடம் வாங்கும் கூலியை இவ்வளவு உயர்த்திவிடலாம்" என்று பேச்சு திரும்பும். 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. சங்கம் என்ற பெயர் இருந்தாலும் விலக்கு கிடையாது. அரசிடம் சேர்ந்து கேட்கலாம், விலையைச் சேர்ந்து வைக்கக்கூடாது. தீர்மானப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி ஏறிவிட்டால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி.

4. இதனால் யாருக்கு நஷ்டம் என்று முதலில் நீங்களே கேளுங்கள்

எந்தச் சலுகையும் யாரோ ஒருவர் பையிலிருந்துதான் வருகிறது. அரசு வருவாய் குறையலாம். அல்லது உங்கள் வாடிக்கையாளருக்கு உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) குறையலாம். அல்லது உங்கள் சங்கத்திலேயே பெரிய யூனிட் வைத்திருப்பவருக்குப் போட்டி கூடலாம். கடைசி வகைதான் ஆபத்து. நீங்கள் செயலகத்தில் ஒன்று சொல்ல, உங்கள் உறுப்பினரே இன்னொரு அமைப்பின் கடிதத்தில் எதிராகக் கையெழுத்திட்டிருப்பார்.

அவர்களை முன்கூட்டியே பார்த்துப் பேசுங்கள். சம்மதிக்காவிட்டாலும் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதாவது தெரியும். அதற்கான பதிலை மனுவிலேயே வைத்துவிடலாம்.

5. மனுவை அரசு படிக்கும் வடிவில் எழுதுங்கள்

உரை ஒரு பக்கம், இணைப்புகள் தனியாக. மேலே "பொருள்", அதன் கீழ் "பார்வை". பார்வையில் எந்த அரசாணை, அறிவிக்கை அல்லது விதி என்பதை எண், தேதியோடு எழுதுங்கள். இது சம்பிரதாயம் மாதிரித் தெரியும். ஆனால் தபால் பிரிவில் கடிதத்தைப் பிரிப்பவர் அந்த இரண்டு வரிகளைப் பார்த்துத்தான் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார். "சிறுதொழில்களின் துயர் துடைக்க வேண்டி" என்று பொருள் எழுதினால் கடிதம் எங்கே வேண்டுமானாலும் போகும்.

உள்ளே மூன்று பத்திகள் போதும். விதியில் இப்போதுள்ள வாசகம் என்ன, அதனால் நடப்பது என்ன (மஞ்சள் மார்க்கர் போட்ட வரியில் உள்ள எண் இங்கே), மாற்ற வேண்டிய வாசகம் என்ன.

மூன்றாவதில் திருத்த வாசகத்தையே எழுதிக் கொடுங்கள். "இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள்" என்று. இது அதிகப்பிரசங்கித்தனம் என்று எங்கள் பொருளாளர் எதிர்த்தார். கோப்பில் குறிப்பு எழுதும் உதவிப் பிரிவு அலுவலருக்கு உங்களைப் போல நூறு கடிதங்கள். வாசகம் தயாராக இருந்தால் அவர் அதை எடுத்து வைத்துக் கருத்து எழுதலாம். இல்லையென்றால் உங்கள் துயரத்தைப் படித்து, அதற்கு ஒரு விதியை அவரே கண்டுபிடிக்க வேண்டும்.

அரசுக்கு எவ்வளவு வருவாய் இழப்பு என்பதையும் நீங்களே கணக்கிட்டுச் சொல்லுங்கள். மறைத்துப் பயனில்லை. பணம் சம்பந்தப்பட்ட எந்தக் கோப்பும் நிதித்துறைக்குப் போகும், அங்கே முதல் கேள்வி அதுதான். உங்கள் கணக்கு இல்லாவிட்டால் அவர்கள் அதிகபட்ச இழப்பை எடுத்துக்கொள்வார்கள்.

6. நாட்காட்டியைப் பாருங்கள்

மத்திய பட்ஜெட் 2017 முதல் வழக்கமாக பிப்ரவரி 1 அன்று வருகிறது. அதற்கு முந்தைய மாதங்களிலேயே தொழில் அமைப்புகளிடம் கருத்துக் கேட்டு முடித்துவிடுவார்கள். ஜனவரி கடைசியில் டெல்லிக்குக் கடிதம் போட்டால் அது அடுத்த ஆண்டுக்கான கடிதம்.

மாநிலத்தில் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சில் நிதிநிலை அறிக்கை. அதன் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கும் விவாதம். நிதிநிலை அறிக்கையில் வராத பல சிறு அறிவிப்புகள், அந்தந்த அமைச்சர் பதிலுரை தரும் நாளில்தான் வருகின்றன. அதற்கான பட்டியலைத் துறை முன்பே சேகரிக்கும். ஆகவே உங்கள் மனு தீபாவளிக்கு முன் துறையில் பதிவாகி, பொங்கலுக்குள் துறைத் தலைவரின் கருத்தோடு செயலகத்தில் இருக்க வேண்டும். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பையும் முந்தைய ஆண்டுகளுடையதையும் படித்துவிடுங்கள். அரசு தானே எழுதிய வரியை மேற்கோள் காட்டி, "இதன் தொடர்ச்சியாக" என்று கேட்பது எளிது.

தேர்தல் அறிவித்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் புதிய சலுகை எதையும் அறிவிக்க மாட்டார்கள். அந்த மாதங்களைக் கணக்கெடுக்கப் பயன்படுத்துங்கள்.

7. கீழிருந்து மேலே போங்கள்

முதலில் மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர். அவரால் விதியை மாற்ற முடியாது. பிறகு ஏன் அவர்? செயலகம் எப்படியும் அவரிடம்தான் அறிக்கை கேட்கும். அவருக்கு உங்கள் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் அறிக்கை ஒரு வாரத்தில் போகும். பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டால் மூன்று மாதம் ஆகும், அதுவும் வறட்சியாக.

அடுத்து தொழில் வணிக ஆணையரகம் போன்ற துறைத் தலைமை. அதன் பிறகு செயலகத்தில் சம்பந்தப்பட்ட பிரிவு, துறைச் செயலாளர். கடைசியாக அமைச்சர்.

வழக்கமாக நடப்பது தலைகீழ். நேரே அமைச்சர், ஒரு சால்வை, ஒரு புகைப்படம், மறுநாள் நாளிதழில் மூன்றாம் பக்கம். எங்கள் 14 கோரிக்கை மனுவுக்கும் அந்த யோகம் வாய்த்தது. நான்கு மாதம் கழித்து, "மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற ஒரு வரியோடு அந்த மனு எங்கள் ஊர் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. மேலிருந்து வரும் எதுவும் கருத்துக்காகக் கீழே போகும். கீழே ஏற்கெனவே வேலை முடிந்திருந்தால் மட்டுமே அது மறுபடி மேலே ஏறும்.

சந்திப்புக்கு மூன்று பேர் போங்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும், ஒருவர் குறிப்பெடுக்க வேண்டும், இன்னொருவர் உண்மையிலேயே பட்டறை நடத்துபவராக இருக்க வேண்டும். அதிகாரி எதிர்பாராத கேள்வி கேட்கும்போது சரியான பதில் மூன்றாமவரிடம்தான் இருக்கும்.

8. கேட்கும்போது பேசத் தவறாதீர்கள்

அரசு தானாகவே கருத்துக் கேட்கும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. மின் கட்டண மனு வந்தால் ஆணையம் ஆட்சேபணைகளைக் கேட்டு, பொது விசாரணை நடத்தும். வரைவு விதிகள் அரசிதழில் வரும்போது ஆட்சேபணைக்கு ஒரு கெடு கொடுப்பார்கள். மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு முன்கலந்தாய்வுக் கொள்கை, வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் பொதுவில் வைக்கச் சொல்கிறது.

இங்கே சங்கங்கள் செய்யும் தவறு, கெடு முடிந்து அமலுக்கு வந்த பிறகு கண்டன ஆர்ப்பாட்டம் நடத்துவது. வாரம் ஒருமுறை அரசிதழையும் ஆணையத்தின் இணையதளத்தையும் பார்க்க ஒரு இளைஞரை நியமியுங்கள். விசாரணையில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எழுத்தில் கொடுப்பதைத்தான் பதிவு செய்வார்கள். ஆகவே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் அரங்கை விட்டு வெளியே வராதீர்கள்.

9. ந.க. எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்தொடருங்கள்

மனு கொடுத்த பத்து நாளில் கோப்பு எண் கேட்டு வாங்குங்கள். மாவட்ட அலுவலகங்களில் அது ந.க. எண். அந்த எண் இல்லாமல் "எங்கள் மனு என்ன ஆயிற்று?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எண்ணோடு கேட்டால் எந்த மேசை என்று உடனே தெரியும்.

மாதம் ஒருமுறை கேளுங்கள். வாரம் ஒருமுறை வேண்டாம், தொந்தரவாகிவிடும். மூன்று மாதம் அசைவில்லை என்றால் ஒரு நினைவூட்டுக் கடிதம், முந்தைய கடிதத்தின் தேதியைப் "பார்வை"யில் போட்டு.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் தர வேண்டிய கட்டாயமில்லை. "இன்ன எண்ணுள்ள கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்" என்று கேளுங்கள். யார் என்ன எழுதினார், எந்த ஆட்சேபணையில் நின்றது என்பது அதில் இருக்கும். பல முறை ஆட்சேபணை சின்னதாக இருக்கும்: ஒரு எண்ணிக்கை கேட்டிருப்பார்கள், உங்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

10. சட்டமன்ற உறுப்பினர், எம்.பி., பத்திரிகை

இவர்களை இந்தக் கட்டத்தில் சேருங்கள், தொடக்கத்தில் அல்ல. எம்.பி.யிடம் பொதுவாகப் பேசச் சொல்வதைவிட, எழுத்து வடிவில் ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள். நாடாளுமன்றத்தில் வரும் பதில் அரசின் பதிவாகிவிடும். அடுத்த மனுவில் அதையே பார்வையாகக் காட்டலாம். சட்டமன்றத்தில் கேள்வி, கவன ஈர்ப்புத் தீர்மானம், மனுக்கள் குழு ஆகிய வழிகள் உண்டு. எல்லாக் கட்சிக்காரர்களையும் பாருங்கள். ஒருவரை மட்டும் பார்த்தால் ஆட்சி மாறும்போது உங்கள் கோப்பும் மாறிவிடும்.

பத்திரிகைக்கு மஞ்சள் வரியைக் கொடுங்கள், திட்டு வேண்டாம். கோப்பை வைத்திருக்கும் அதிகாரியின் துறையை நாளிதழில் கிழித்துவிட்டு, மறுநாள் அவர் மேசைக்கு எதிரே போய் உட்கார முடியாது.

"கொஞ்சம் செலவு செய்தால் சீக்கிரம் நகரும்" என்று ஒரு இடைத்தரகர் கட்டாயம் வருவார். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளி. சங்கக் கணக்கில் "இதரச் செலவு" என்று எழுதியது யார் கையெழுத்து என்று பார்ப்பார்கள். அது பொருளாளராகத்தான் இருக்கும், பாவம்.

11. ஆணை வந்த அன்றைக்கு

நன்றிச் சுவரொட்டி ஒட்டும் முன் ஆணையை முழுதாகப் படியுங்கள். நீங்கள் கேட்டதும் வந்ததும் ஒன்றா? எந்தத் தேதியிலிருந்து? பழைய நிலுவைக்குப் பொருந்துமா? பட்டறைக்காரர்கள் பேசும் பெயரும் ஆணையில் உள்ள பெயரும் ஒரே பொருளைத்தான் குறிக்கின்றனவா? ஒரு சொல் மாறினால் பாதி உறுப்பினர்கள் வெளியே நிற்பார்கள். உடனே தெளிவுரை கேட்டால் கிடைக்கும், ஆறு மாதம் கழித்து அதே கேள்வி புதிய கோப்பு.

ஒரே குறைக்கு எல்லோருக்கும் ஒரே நாளில் தீர்வு வராது. ஆடை உள்ளிட்ட துணித்தொழில் ஜாப் ஒர்க்குக்கு (பிறர் தரும் பொருளில் கூலிக்குச் செய்து கொடுக்கும் வேலை) 2017 ஆகஸ்டிலேயே ஜிஎஸ்டி 5 சதவீதம் என்று மன்றம் முடிவு செய்தது. பொறியியல் ஜாப் ஒர்க் 18-லிருந்து 12 ஆனது 2019 அக்டோபரில். அந்த இரண்டு ஆண்டும் கோப்பை மூடாமல் வைத்திருக்க ஆள் வேண்டும்.

கிடைத்ததும் நிரந்தரமல்ல. கல் வைத்த வெட் கிரைண்டருக்கு 2017-இல் ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் 12, 2019 செப்டம்பர் மன்றக் கூட்டத்தில் 5. 2022 ஜூலையில் ஒரே அடியாக 18. ஆகவே மஞ்சள் வரி போட்ட அந்த நகல்களையும், கோப்பு எண்களையும், யாரை எந்தத் தேதியில் பார்த்தோம் என்ற குறிப்புப் புத்தகத்தையும் தலைவர் வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள். சங்க அலுவலகத்தில் வைத்து, நிர்வாகம் மாறும் நாளில் பட்டியலிட்டு, கையெழுத்து வாங்கி, அடுத்த செயலாளரிடம் ஒப்படையுங்கள்.